வங்கியின் மூலதன விகிதத்தைப் படித்தறிவது எப்படி? கோயில், சங்கப் பொருளாளர்களுக்கும் வைப்பாளர்களுக்கும் ஒரு வழிகாட்டி

பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும், ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் திருப்பணி நிதியையோ சங்க நிதியையோ கையாளும் பொருளாளர்கள் பலர், எந்த வங்கியில் வட்டி கூடுதல் என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கின்றனர். கால் விழுக்காட்டு வட்டிக்காக நிர்வாகக் கூட்டத்தில் நெடுநேரம் வாதிடுகிறோம். ஆனால், அந்த வங்கி கொடுத்த கடன்கள் கெட்டுப்போனால் இழப்பு யார் பணத்தில் கழியும் என்று எவரும் கேட்பதில்லை. அதற்கான விடையை ஒவ்வொரு வங்கியும் தானே அச்சிட்டு வெளியிடுகிறது. கணக்கியல் படித்திராதவரும், எந்த வரியைத் தேடுவது என்று தெரிந்துகொண்டால், ஒரே மாலைப்பொழுதில் அதைப் படித்து முடிக்கலாம்.

அறிக்கையைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். 2005இல் நிறுவப்பட்ட மலேசிய வைப்புத்தொகை காப்புறுதிக் கழகம், அதாவது பிஐடிஎம், ஒரு வைப்பாளருக்கு ஓர் உறுப்பு வங்கியில் 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்புத் தருகிறது. ஒரே பெயரில் அதே வங்கியின் பல கிளைகளில் வைத்திருக்கும் தொகைகள் ஒன்றாகக் கூட்டப்படும். கூட்டுக் கணக்குக்கும், இஸ்லாமிய வைப்புக்கும் தனித்தனி வரம்பு உண்டு. பேங்க் ராக்யாட், பிஎஸ்என் போன்ற வளர்ச்சி நிதி நிறுவனங்கள் தனிச் சட்டங்களின் கீழ் இயங்குகின்றன. அவை பிஐடிஎம் உறுப்பினர்கள் அல்ல. இஸ்லாமிய வங்கிகள் வழங்கும் முதலீட்டுக் கணக்குகளும், பெயரில் வைப்பைப் போல ஒலித்தாலும், இந்தப் பாதுகாப்பில் சேரா. உங்கள் தொகை முழுவதும் வரம்புக்குள் அடங்குமானால் கீழே சொல்லப்போவது அறிவுக்குப் பயன்படும். அடங்காமல் மிஞ்சும் தொகைக்கு அது கட்டாயத் தேவை.

மூலதனம் என்பது யாருடைய பணம்

வங்கியின் மூலதனம் என்றவுடன் பெட்டகத்தில் பூட்டிவைத்த ரொக்கம் என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். அது ரொக்கமன்று. வங்கி கொடுத்த கடன்களையும் வாங்கிய பத்திரங்களையும் ஒரு பக்கம் வைத்து, வைப்பாளர்களுக்கும் பிறருக்கும் திருப்பித் தரவேண்டியதைக் கழித்த பின் பங்குதாரர்களுக்கென மிஞ்சும் பகுதியே மூலதனம். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் பினாங்கு லெபோ பினாங்கிலும் கிட்டங்கி வைத்து நடத்திய செட்டியார்கள் தம் சொந்த முதலையும், பிறர் நம்பி ஒப்படைத்த தொகையையும் சேர்த்தே வட்டிக்கு விட்டனர். கடன் வாராக்கடன் ஆனபோது முதலில் கரைந்தது சொந்த முதல்தான். இன்றைய வங்கியிலும் வரிசை அதுவே. சொந்த முதல் தடிப்பாக இருக்கும்வரை இழப்பு வைப்பாளரை எட்டாது.

அந்த முதல் எல்லாம் ஒரே தரத்தது அன்று. சாதாரணப் பங்குகளும் சேர்த்துவைத்த இலாபமும் அடங்கிய பகுதியைச் சிஇடி 1 என்கின்றனர். இழப்பு வந்த அன்றே அதைத் தாங்குவது இதுதான். அதனுடன் முதிர்வுத் தேதியே இல்லாத நிரந்தரப் பத்திரங்கள் போன்ற கூடுதல் வகைகள் சேர்ந்தால் முதல் அடுக்கு. அதற்கும் மேல், வங்கி விழுந்தால் வைப்பாளர்களுக்குப் பின்னரே பணம் பெறும் பின்னுரிமைக் கடன்பத்திரங்கள் முதலியவை சேர்ந்தால் மொத்த மூலதனம். வங்கியின் விளம்பரத்தில் பெரும்பாலும் பெரிய எண்ணான மொத்த மூலதன விகிதமே இடம்பெறும். வைப்பாளர் முதலில் பார்க்க வேண்டியது சிஇடி 1 விகிதத்தையே என்பது என் கருத்து, ஏனெனில் மற்றவை நெருக்கடியில் எப்படி இயங்கும் என்பது ஒப்பந்த வாசகத்தையும் சட்ட நடவடிக்கையையும் சார்ந்தது.

வங்கிகளுக்கான அனைத்துலக விதித்தொகுப்பான பாசல் 3 விதிகளின்படி சிஇடி 1 குறைந்தது 4.5 விழுக்காடும், முதல் அடுக்கு 6 விழுக்காடும், மொத்த மூலதனம் 8 விழுக்காடும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் 2.5 விழுக்காட்டுப் பாதுகாப்பு இருப்பு உண்டு. ஆகவே நடைமுறையில் பார்க்கவேண்டிய எல்லைக்கோடுகள் 7, 8.5, 10.5 என்பனவாகும். இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கும் வங்கி மூடப்படுவதில்லை. ஆனால் ஈவுத்தொகையும் ஊக்கத்தொகையும் கொடுப்பதில் அதற்குக் கட்டுப்பாடு வரும். மேபேங்க், சிஐஎம்பி, பப்ளிக் பேங்க் ஆகிய மூன்றையும் நாட்டின் நிதியமைப்புக்கு இன்றியமையாதவை என 2020இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்து, அவை 0.5 முதல் 1 விழுக்காடு வரை கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. மலேசிய வங்கித் துறையின் மொத்த மூலதன விகிதம் அண்மை ஆண்டுகளில் 18 விழுக்காட்டை ஒட்டியே இருந்துவருவதால், எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதோடு நின்றால் எல்லா வங்கியும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாட்டைக் காட்டுவது வகுபடும் எண்ணான மூலதனம் அன்று, அதை வகுக்கும் எண்.

வகுக்கும் எண்ணைத் திறந்து பாருங்கள்

மூலதன விகிதம் மொத்தச் சொத்தின் மேல் கணக்கிடப்படுவதில்லை; இடர் எடையிட்ட சொத்தின் மேல், அதாவது ஒவ்வொரு கடனையும் பத்திரத்தையும் அதன் இடருக்கேற்ற விழுக்காட்டால் பெருக்கிக் கூட்டிய தொகையின் மேல், கணக்கிடப்படுகிறது. தரப்படுத்தப்பட்ட முறையில், ரிங்கிட்டில் வெளியிடப்பட்ட மலேசிய அரசாங்கப் பத்திரத்துக்கு எடை சுழியம். வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்குக் குறைவாகக் கொடுத்த வீட்டுக் கடனுக்கு 35 விழுக்காடு. தனிநபர் சில்லறைக் கடன்களுக்குப் பொதுவாக 75. தரமதிப்பீடு பெறாத நிறுவனத்துக்குக் கொடுத்த கடனுக்கு 100.

கற்பனையாக இரண்டு வங்கிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சொத்து 100 பில்லியன் ரிங்கிட், சிஇடி 1 மூலதனம் 7.7 பில்லியன். முதல் வங்கியிடம் அரசாங்கப் பத்திரம் 20, வீட்டுக் கடன் 40, சில்லறைக் கடன் 15, நிறுவனக் கடன் 25 பில்லியன் உள்ளன. எடையிட்டால் 0, 14, 11.25, 25 ஆகி, மொத்தம் 50.25 பில்லியன் வரும். சந்தை இடருக்கும் செயல்பாட்டு இடருக்கும் 4.75 பில்லியனைச் சேர்த்தால் 55 பில்லியன். விகிதம் 14 விழுக்காடு. இரண்டாம் வங்கியிடம் பத்திரம் 5, வீட்டுக் கடன் 20, சில்லறைக் கடன் 25, நிறுவனக் கடன் 50 பில்லியன். எடையிட்ட கடன் 75.75 பில்லியன், மற்ற இடர்களுக்கு 4.25 பில்லியனைச் சேர்த்தால் 80 பில்லியன். விகிதம் ஏறத்தாழ 9.6 விழுக்காடு.

இப்போது, ஒவ்வொரு வங்கியும் எவ்வளவு இழந்தால் 7 விழுக்காட்டுக் கோட்டைத் தொடும் என்று கேளுங்கள். இந்தக் கேள்விதான் இவ்வழிகாட்டியின் உயிர்நாடி. முதல் வங்கிக்கு 55 பில்லியனில் 7 விழுக்காடு 3.85, எனவே இழக்கத் தாங்கும் தொகை இன்னொரு 3.85 பில்லியன். அதன் கடன் தொகுப்பு 80 பில்லியன் என்பதால் இது 4.8 விழுக்காட்டுக்குச் சமம். கெட்ட கடனில் பாதியை ஈட்டை விற்று மீட்கலாம் என்று வைத்துக்கொண்டால், கடன்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கெட்டால்தான் கோட்டைத் தொடும். இரண்டாம் வங்கி 5.6 பில்லியனைக் கைவசம் வைத்திருக்க வேண்டியதால் மிஞ்சுவது 2.1 பில்லியன் மட்டுமே. 95 பில்லியன் கடனில் அது 2.2 விழுக்காடு. பாதி மீட்பு என்ற அதே கணிப்பில் 4.4 விழுக்காட்டுக் கடன் கெட்டாலே போதும். ஆண்டு இலாபம் இதற்கு முன்வந்து நிற்கும் முதல் அரண் என்பதால் உண்மையில் இரண்டும் இன்னும் சற்றுத் தாங்கும். ஆயினும் ஒரே சொத்து, ஒரே மூலதனம் உடைய இரு வங்கிகளுக்கிடையே தாங்குதிறன் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுவதை வட்டி விகிதப் பலகை ஒருபோதும் காட்டாது.

உங்கள் வங்கிக்கு இதைச் செய்ய, அதன் இணையத்தளத்தில் முதலீட்டாளர் பகுதிக்குச் சென்று மூன்றாம் தூண் (Pillar 3) வெளிப்படுத்தல் அறிக்கையை எடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஆண்டறிக்கையின் நிதிநிலைக் குறிப்புகளில் மூலதனப் போதுமை என்ற தலைப்பைத் தேடுங்கள். அங்கே ஈவுத்தொகை கொடுப்பதற்கு முந்தைய விகிதமும் கொடுத்த பின் நிற்கும் விகிதமும் அடுத்தடுத்து இருந்தால், இரண்டாவதையே குறித்துக்கொள்ளுங்கள். குழுமத்துக்கும் வங்கிக்கும் இஸ்லாமியத் துணை வங்கிக்கும் தனித்தனி எண்கள் இருக்கும். உங்கள் பணம் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதோ அதன் எண்ணே உங்களுக்குரியது. இஸ்லாமிய வங்கிகளில் முதலீட்டுக் கணக்குக்காரர்கள் ஏற்றுக்கொண்ட இடர், எடையிட்ட சொத்திலிருந்து கழிக்கப்படுவதுண்டு. அந்த வரி பெரியதாக இருந்தால், விகிதம் உயர்ந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய வங்கிகள் தரப்படுத்தப்பட்ட எடைகளுக்குப் பதிலாகத் தம் சொந்தக் கணிப்பு முறைகளைப் பயன்படுத்த அனுமதி பெற்றிருக்கின்றன. ஆகவே எடையிட்ட சொத்தை மொத்தச் சொத்தால் வகுத்து, அந்த விழுக்காட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் வகைகள் மாறாமலேயே அது படிப்படியாக இறங்கினால், கணிப்பு முறை மாறியிருக்கலாம். அறிக்கையின் விளக்கப் பகுதியில் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். எடையே இல்லாமல் கணக்கிடப்படும் நெம்புகோல் விகிதம் இதற்கு நல்ல உரைகல்; அதன் கீழ்வரம்பு 3 விழுக்காடு.

கடன்களின் உடல்நிலை

மூலதன விகிதம் நேற்றைய நிலையைச் சொல்கிறது. நாளைய இழப்பு கடன் தொகுப்புக்குள் ஒளிந்திருக்கும். 2018 முதல் நடப்பிலுள்ள எம்எஃப்ஆர்எஸ் 9 கணக்கியல் தரம் கடன்களை மூன்று நிலைகளாகப் பிரிக்கச் சொல்கிறது. முதல் நிலையில் ஒழுங்காகக் கட்டப்படும் கடன்கள்; அவற்றுக்கு அடுத்த 12 மாதங்களில் எதிர்பார்க்கப்படும் இழப்புக்கு ஒதுக்கீடு செய்யப்படும். இரண்டாம் நிலையில் இடர் குறிப்பிடத்தக்க அளவு கூடிவிட்ட கடன்கள். அவற்றுக்கு ஆயுள் முழுவதற்குமான இழப்பு கணக்கிடப்படும். மூன்றாம் நிலையில் கெட்டுவிட்ட கடன்கள்.

செய்தித்தாள்கள் மூன்றாம் நிலை விகிதத்தையே எழுதுகின்றன. நாட்டளவில் அது அண்மை ஆண்டுகளில் 2 விழுக்காட்டுக்குக் கீழேயே உள்ளது. நான் இரண்டாம் நிலையையே முதலில் பார்க்கச் சொல்வேன். 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதங்களுக்குத் தனிநபர்களுக்கும் சிறு நடுத்தரத் தொழில்களுக்கும் கடன் தவணை ஒத்திவைக்கப்பட்டபோது, கட்டாத தவணை நிலுவையாகக் கணக்கில் ஏறவில்லை. மூன்றாம் நிலை அமைதியாகவே தெரிந்தது. வங்கிகள் எதை எண்ணிக் கவலைப்பட்டன என்பதை இரண்டாம் நிலையும் அதற்கான ஒதுக்கீடும்தான் காட்டின. இரண்டாம் நிலை வளர்ந்துகொண்டே போக, ஒதுக்கீடு மட்டும் அசையாமல் நின்றால், கிளை மேலாளரிடமோ பங்குதாரர் கூட்டத்திலோ கேட்கத்தக்க கேள்வி உங்களிடம் இருக்கிறது.

1997–98 நெருக்கடி இதற்குச் சான்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கடன் வேகமாகப் பெருகியபோது கெட்ட கடன் விகிதம் அழகாகவே இருந்தது, ஏனெனில் புதுக்கடன் உடனே கெடுவதில்லை. ரிங்கிட் சரிந்து வட்டி ஏறிய பின் நிலைமை தலைகீழானது. கெட்ட கடன்களை வாங்கிக்கொள்ள டானாஹர்த்தாவும், வங்கிகளுக்கு மூலதனம் ஊட்ட டானாமோடாலும் 1998இல் அமைக்கப்பட்டன. எனவே ஒரு வங்கியின் கடன் வளர்ச்சி மற்ற வங்கிகளைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்தால், அதன் நல்ல விகிதங்களை அரை நம்பிக்கையோடு படியுங்கள்.

மூலதனம் இருந்தும் விழுந்த வங்கி

2022 இறுதியில் கிரெடிட் சுவிஸ் வங்கியின் சிஇடி 1 விகிதம் 14.1 விழுக்காடு. சில மாதங்களில், 2023 மார்ச்சில், அது யுபிஎஸ் வங்கியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 16 பில்லியன் சுவிஸ் பிராங்கு மதிப்புள்ள கூடுதல் முதல் அடுக்குப் பத்திரங்கள் சுழியமாக்கப்பட்டன. அதே மாதத்தில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் வெளியேறியது. இரண்டையும் வீழ்த்தியது வைப்பாளர் ஓட்டம்.

ஆகவே மூலதனத்தோடு நீர்மையையும், அதாவது கேட்டவுடன் பணத்தைக் கொடுக்கும் திறனையும், பார்க்க வேண்டும். நீர்மை ஈட்டு விகிதம், 30 நாள் நெருக்கடியில் வெளியேறக்கூடிய பணத்துக்கு ஈடாக உடனே காசாக்கத்தக்க சொத்து எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும். அது 100 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. நீண்டகாலம் நிலைத்து நிற்கும் நிதி போதுமா என்று காட்டும் நிலையான நிதித்திரட்டு விகிதத்துக்கும் அதே வரம்புதான். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வைப்புகளின் கலவை: ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பை நம்பி நடக்கும் வங்கி, சில பெருநிறுவனங்களின் மொத்த வைப்பை நம்பி நடக்கும் வங்கியைவிட உறுதியாக நிற்கும். தனிநபர் வைப்பின் பங்கு நிதிநிலைக் குறிப்புகளில் வைப்பாளர் வகைவாரியாக இருக்கும். கூடுதல் வட்டி தரும் மூலதனப் பத்திரங்களை வைப்புக்கு மாற்றாக வாங்கும்படி யாராவது பரிந்துரைத்தால், சுவிட்சர்லாந்தில் நடந்ததை நிர்வாகக் குழுவிடம் சொல்லுங்கள். சங்க நிதிக்கு அவை ஏற்றவை அல்ல.

கூட்டுறவுச் சங்கங்களில் வைக்கும் பணத்துக்கு இந்த அளவுகோல்கள் எவையும் பொருந்தா. அவை பிஐடிஎம் உறுப்பினர்களும் அல்ல. 1986இல் வைப்பு ஏற்ற 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது, வாழ்நாள் சேமிப்பை எடுக்க முடியாமல் தவித்த குடும்பங்கள் ஏராளம். கூட்டுறவு அமைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பொதுப்பணத்தை அங்கே வைக்கும் பொருளாளர் தணிக்கை அறிக்கையை வரிவரியாகப் படித்த பின்னரே வைக்க வேண்டும்.

முடிவெடுத்த பின்

250,000 ரிங்கிட்டுக்கு மேலுள்ள தொகையை, ஒவ்வொன்றிலும் வரம்புக்குள் அடங்குமாறு பல வங்கிகளுக்குப் பிரிப்பதே எளிய வழி. அப்படிச் செய்தால் மேற்சொன்ன ஆய்வில் தவறு நேர்ந்தாலும் பொதுப்பணம் காக்கப்படும். திருப்பணி நடக்கும் காலத்தில் ஒரே வங்கியில் பெருந்தொகை நிற்க வேண்டியிருந்தால், அந்த வங்கிக்கு மட்டுமாவது முழு ஆய்வையும் செய்து, சிஇடி 1, எடையிட்ட சொத்தின் பங்கு, இரண்டாம் நிலைக் கடன், நீர்மை ஈட்டு விகிதம் ஆகிய நான்கையும் கூட்டக் குறிப்பேட்டில் தேதியோடு பதிவு செய்யுங்கள். அடுத்து வரும் பொருளாளருக்கு ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும்.

அவசரப்பட்டு நிரந்தர வைப்பை உடைக்க வேண்டாம். முதிர்வுக்கு முன் எடுக்கும் வைப்புக்கு 2019 முதல் வட்டி கிடையாது. முதிர்வுத் தேதிகளை வெவ்வேறு மாதங்களில் அமையுமாறு வைத்து, ஒவ்வொன்றும் முதிரும்போது வரம்பை மீறிய பகுதியை மாற்றிக்கொள்ளலாம். வைப்புச் சான்றிதழில் இருக்கும் நிறுவனப் பெயர் வணிக வங்கியா, இஸ்லாமியத் துணை வங்கியா என்பதை அந்த வேளையிலேயே சரிபார்த்து, பிஐடிஎம் வரம்பைக் கணக்கிடும் தாளில் எழுதிவையுங்கள்.