கேப் கோஸ்ட், எல்மினா: கானாவின் அடிமைக் கோட்டைகளைப் பார்க்கச் செல்வோருக்கு

கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து கடலோரமாக மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சென்றால் கேப் கோஸ்ட் நகரம் வரும். அங்கிருந்து இன்னும் 13 கிலோமீட்டர் தள்ளி எல்மினா. இரண்டு ஊர்களிலும் கடலைத் தொட்டுக்கொண்டு வெள்ளையடித்த பெரிய கோட்டை ஒன்று நிற்கிறது. அட்லாண்டிக் கடல்வழியே அமெரிக்கக் கண்டங்களுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர்களில் திரளானவர்கள் இந்தக் கரையிலிருந்து போனவர்கள். கானாவின் கடற்கரைக் கோட்டைகளை யுனெஸ்கோ 1979இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அக்ராவில் காலையில் வண்டியேறி, இரண்டு கோட்டைகளையும் பார்த்துவிட்டு, அன்றிரவே திரும்புவதுதான் பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்களின் வழக்கம். கூடுமானவரை இதைத் தவிர்ப்பது நல்லது. வழியிலுள்ள கசோவா ஊரின் போக்குவரத்து நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேரவே மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிவிடும் என்பது ஒரு காரணம். முதல் கோட்டையின் நிலவறைகளைப் பார்த்து வெளியே வந்தவருக்கு இரண்டாவது கோட்டையில் வழிகாட்டி சொல்வது எதுவும் காதில் ஏறாது என்பது அதைவிடப் பெரிய காரணம். கேப் கோஸ்டில் இரண்டு இரவுகள் தங்கி, ஒரு நாளைக்கு ஒரு கோட்டை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்கும் வரிசையும் முக்கியம். சிறைபிடிக்கப்பட்டவர்கள் உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு நடத்தி வரப்பட்டார்கள். பயணிகளோ கடற்கரையைப் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் உள்நாட்டுக்குப் போகிறார்கள். இதைத் திருப்பிப் போட்டு, முதலில் அசின் மான்சோவுக்குச் செல்வதே பொருத்தம். கேப் கோஸ்டிலிருந்து குமாசி செல்லும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கும் இந்தச் சிற்றூரில், வடக்கிலிருந்து வாரக்கணக்கில் சங்கிலியோடு நடந்து வந்தவர்களைக் கோட்டைக்கு அனுப்புமுன் ஆற்றில் குளிப்பாட்டினார்கள். எண்ணெய் தடவி, விலைபோகும் தோற்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஆற்றின் பெயர் டோன்கோ என்சுவோ, அதாவது அடிமைகளின் நீர். மூங்கில் புதர்களுக்கிடையே போகும் பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது இங்கு வழக்கம். ஆறு சிறியது, அதைப் பார்த்து ஏமாற்றமடைபவர்களும் உண்டு. ஆனால் விற்பனைக்கு முந்தைய கடைசி ஏற்பாடு நடந்த இடம் இதுதான் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்தால், கோட்டைச் சுவர்களுக்குள் நடந்தவை தொடர்கதையின் அடுத்த பகுதியாக விளங்கும். இந்த வணிகம் கோட்டைக்குள் இருந்த ஐரோப்பியர்களால் மட்டும் நடக்கவில்லை, உள்நாட்டு அரசுகளும் கடற்கரைத் தரகர்களும் அதில் பங்கு கொண்டிருந்தார்கள் என்பதும் இங்கே தெளிவாகும். கானாவின் வழிகாட்டிகள் இதை மறைப்பதில்லை.

எல்மினாக் கோட்டையை 1482இல் கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். டியோகு டி அசாம்புஜா என்ற தளபதி, வடிவாக வெட்டிய கற்களையும் கொத்தர்களையும் போர்ச்சுகலிலிருந்தே கப்பலில் கொண்டு வந்து எழுப்பிய கட்டடம் அது. அப்போது அவர்கள் தேடி வந்தது தங்கம். அந்தத் தங்கத்தை வாங்குவதற்காகவே பெனின் பகுதியிலிருந்து அடிமைகளைக் கொண்டு வந்து உள்ளூர் வணிகர்களிடம் விற்றார்கள் என்பதையும், மனிதர்களை வெளியே ஏற்றுமதி செய்யும் இடமாகக் கோட்டை மாறியது பிறகுதான் என்பதையும் தெரிந்துகொண்டு போனால் கட்டடத்தின் அமைப்பு எளிதில் பிடிபடும். 1637இல் டச்சுக்காரர்கள் எதிரிலிருந்த குன்றின் மேல் பீரங்கிகளை ஏற்றிச் சுட்டுக் கோட்டையைப் பிடித்தார்கள். 1814 வரை அவர்களின் அடிமை வணிகம் இங்கு நடந்தது. 1872இல் கோட்டையை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

உள்ளே பெண்களை அடைத்த அறைகள் ஒரு சிறு முற்றத்தைச் சுற்றி அமைந்திருக்கின்றன. அந்த முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே ஆளுநரின் மாடம் தெரியும். பெண்களை முற்றத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தச் சொல்லி, அங்கிருந்தபடியே ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து மேலே வரவழைப்பது ஆளுநர்களின் வழக்கமாக இருந்தது என்று வழிகாட்டி சொல்வார். பணிய மறுத்தவளைச் சங்கிலியால் பிணைத்து வெயிலில் நிறுத்துவதற்கான இரும்புக் குண்டும் முற்றத்தில் கிடக்கிறது. பிறகு அந்த மாடத்துக்கே சென்று கீழே பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும். ஆளுநரின் அறைகளில் கடற்காற்று தாராளமாக வீசும். மண்டையோடு செதுக்கிய வாயிலுள்ள ஓர் அறை, எதிர்த்து நின்றவர்களைச் சாகும்வரை அடைத்து வைத்த இடம். கப்பலுக்கு அனுப்பும் கடைசி அறையின் சுவரில் இருக்கும் திறப்பு, ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடிகிற அளவுக்கு ஒடுக்கமானது. உள்நாட்டில் ஆண்ட அசாந்தே மன்னர் முதலாம் பிரெம்பேயை 1896இல் கைது செய்த ஆங்கிலேயர்கள் அவரைச் சிறை வைத்ததும் இந்தக் கோட்டையில்தான். பிறகு அவரைச் சியரா லியோனுக்கும், 1900இல் சேஷெல்ஸ் தீவுகளுக்கும் நாடு கடத்தினார்கள். 1924இல்தான் அவரால் திரும்ப முடிந்தது.

மாலையில் எதிர்க்குன்றில் இருக்கும் சிறிய கோட்டைக்கு ஏறினால், எல்மினாக் கோட்டையும் பென்யா கடற்கழியும் வண்ணம் தீட்டிய மீன்பிடிப் படகுகளும் ஒருசேரக் கண்ணில் படும். செவ்வாய்க்கிழமையன்று இந்தக் கரையில் வாழும் ஃபான்டே இன மீனவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள் என்பதால், அன்று துறை முழுக்கப் படகுகள் கட்டிக் கிடக்கும். மீன் சந்தையின் ஆரவாரத்தைப் பார்க்க விரும்புவோர் வேறு நாளில் வர வேண்டும்.

கேப் கோஸ்ட் கோட்டைக்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்க வேண்டும். 1653இல் ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய கோட்டை இது. டேனியர், டச்சுக்காரர் எனப் பல கைகள் மாறி 1660களில் ஆங்கிலேயரிடம் வந்து, 1877 வரை, கோல்டு கோஸ்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தக் கரையில் அவர்களின் நிர்வாகத் தலைமையிடமாக இருந்தது. காலை 9 மணிக்கே போய்விட்டால் கூட்டம் வருமுன் முதல் சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். நுழைவுக் கட்டணம் உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று. கட்டணத்தோடு வரும் வழிகாட்டிச் சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும். அருங்காட்சியகமும் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சுற்று தொடங்குமுன் பார்த்துவிட வேண்டும். நிலவறையிலிருந்து ஏறி வந்தபின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாசிமணிகளையும் நிலப்படங்களையும் பொறுமையாகப் பார்க்க மனம் ஒப்பாது.

கீழே நிலவறைகளில் கவனமாகப் பார்த்து நடக்க வேண்டும். ஆண்களின் நிலவறைக்குச் சரிவான கல்தளம் இறங்குகிறது; மழைக்காலத்தில் வழுக்கும், ஆகவே பிடிப்புள்ள காலணி தேவை. ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும் அறைகளில், தலைக்கு மேல் வெகு உயரத்தில் சிறு திறப்புகள் மட்டுமே உண்டு. தரையில் நடுவாகக் கழிவுநீருக்கென்று ஒரு கால்வாய் வெட்டியிருக்கிறது. தளத்தின் ஒரு பகுதியில் மட்டும் கெட்டித்துப் போன படிவைச் சுரண்டி அகற்றி, அடியிலிருக்கும் கல் பாவிய தரையைக் காட்டியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் அது அப்படியே கிடக்கிறது. அது மண் இல்லை, அங்கே அடைபட்டவர்களின் கழிவு இறுகிப் படிந்தது என்று வழிகாட்டி சொல்லும்போது நாம் அதன்மேல்தான் நின்றுகொண்டிருப்போம். ஒரு நேரத்தில் ஆயிரம் ஆண்கள் வரை இங்கு அடைக்கப்பட்டார்கள் என்பார். இத்தகைய எண்கள் வழிகாட்டிக்கு வழிகாட்டி மாறும். எங்கிருந்து தெரிந்தது என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை, நல்ல வழிகாட்டிகள் அந்தக் கேள்வியை விரும்புவார்கள். உள்ளே நானா தாபிர் என்ற உள்ளூர்த் தெய்வத்துக்கு ஒரு பீடம் உண்டு. அருகே, அமெரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் வைத்த மலர்வளையங்கள் இருக்கும். அவற்றைத் தொடவோ நகர்த்திப் படமெடுக்கவோ கூடாது.

நிலவறையிலிருந்து மேலே வந்ததும் அதன் கூரைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை மறந்துவிடக் கூடாது. ஆங்கிலேயர்கள் வழிபாடு நடத்திய அறை அங்கேதான் இருந்தது. இந்த இரண்டு கோட்டைகளிலும் பயணி ஓயாமல் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எதன் தலைமேல் எதைக் கட்டினார்கள் என்பதுதான். பீரங்கிகள் கடலை நோக்கி வரிசையாக நிற்பதும் அதுபோலக் கவனிக்க வேண்டியது: அஞ்சியது பெரும்பாலும் போட்டிக்கு வரும் மற்ற ஐரோப்பியக் கப்பல்களுக்கு. முற்றத்தில் உள்ள கல்லறைகளில் ஒன்று ஃபிலிப் குவாகேயுடையது. இதே ஊரில் பிறந்து, இங்கிலாந்து சென்று படித்து, 1765இல் ஆங்கிலிக்கன் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட முதல் ஆப்பிரிக்கர் அவர். திரும்பி வந்து 1816இல் இறக்கும் வரை இந்தக் கோட்டையின் குருவாகப் பணியாற்றினார். 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்யும் வரை, அவர் வாழ்ந்த அதே வளாகத்தின் அடித்தளத்தில் மனிதர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

திரும்பா வாசல் என்று பலகை மாட்டிய கதவைத் திறந்தால் நேரே கடற்கரை. வலைகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர்களும், பந்து விளையாடும் சிறுவர்களும், பளீரென்ற வெயிலும் எதிரே வரும். அடுத்த நொடி கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்காமல் சற்று நிற்பது நல்லது. அதே கதவின் வெளிப்புறத்தில் திரும்பும் வாசல் என்று எழுதியிருக்கிறது. அடிமைப்படுத்தப்பட்ட இருவரின் உடல் எச்சங்களை 1998இல், ஒருவருடையதை அமெரிக்காவிலிருந்தும் மற்றவருடையதை ஜமைக்காவிலிருந்தும் கொண்டு வந்து, கடற்புறமிருந்து இந்த வாசல் வழியே உள்ளே எடுத்து வந்தார்கள். பிறகு அசின் மான்சோவில் அடக்கம் செய்தார்கள். அங்கு முதலில் சென்று வந்தவர்கள் அந்தக் கல்லறைகளைப் பார்த்திருப்பார்கள்.

இந்தக் கோட்டையில் அடைக்கப்பட்டு, பின்னர் அதைப் பற்றித் தம் கையால் எழுதியவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஒருவர் ஒட்டோபா குகோவானோ. ஃபான்டே சிறுவனாக 1770 வாக்கில் கடத்தப்பட்டு, கேப் கோஸ்டிலிருந்து கிரனடாவுக்கு அனுப்பப்பட்டவர். 1787இல் லண்டனில் வெளியான தம் நூலில், தம்மைக் கொடுத்தவன் பதிலுக்கு ஒரு துப்பாக்கியும் ஒரு துண்டுத் துணியும் கொஞ்சம் ஈயமும் வாங்கிக்கொண்டதைக் கண்ணால் பார்த்ததாகக் குறிப்பிடுகிறார். துணி என்ற அந்தச் சொல்லில் தமிழ் வாசகர் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் குறிப்பிட்ட துணி எங்கு நெய்யப்பட்டிருந்தாலும், சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த துணிகள் ஐரோப்பியக் கம்பெனிகள் வழியே மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. கினி துணி என்றே அவற்றுக்குப் பெயர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த டச்சுக்காரர்களின் நாட்டவர்தான் எல்மினாவையும் வைத்திருந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் அடிமைகளைப் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியவர்களும் அவர்களே. கோட்டை அருங்காட்சியகத்தில் பண்டமாற்றுப் பொருள்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நடந்துகொள்ளும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றில் உடன் வருபவர்களில் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் இருந்தால், அவர்களுக்கு இது முன்னோரின் இடம். சிலர் அழுவார்கள், சிலர் சுவரைத் தொட்டு நிற்பார்கள். அவர்களைப் படமெடுப்பதும் நிலவறைக்குள் சிரித்தபடி தற்படம் எடுப்பதும் கூடவே கூடாது. சில வழிகாட்டிகள் தண்டனை அறையின் கதவைச் சாத்தி விளக்கை அணைத்துக் காட்டுவார்கள். மூச்சுத்திணறலோ அடைபட்ட இடத்தில் பதற்றமோ உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வெளியே நிற்கலாம். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை நிலவறைக்குள் அழைத்துச் செல்லாமல் இருப்பதே என் கருத்தில் சரி.

கோட்டை வாசலில் இளைஞர்கள் நட்பாகப் பெயரைக் கேட்பார்கள். பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் திரும்பினால், அதே பெயர் எழுதிய சிப்பி ஒன்றோ கைப்பட்டை ஒன்றோ விலைக்குக் காத்திருக்கும். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் புன்னகையோடு முதலிலேயே மறுத்துவிடலாம். பணம் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால்தான். இடக்கையை நீட்டுவது நம் ஊரைப் போலவே அங்கும் மரியாதைக் குறைவு.

அக்ராவின் கனேஷியிலிருந்து கேப் கோஸ்டுக்குச் சிற்றுந்துகள் புறப்படுகின்றன. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். கேப் கோஸ்டிலிருந்து எல்மினாவுக்குப் பங்கு வண்டியோ ட்ரோட்ரோ என்ற சிற்றுந்தோ எளிதில் கிடைக்கும். சைவ உணவு உண்பவர்கள், நேந்திரம் போன்ற வாழைப்பழத்தை வறுத்து, அதனோடு காராமணிக் குழம்பு தரும் ரெட் ரெட் என்ற உணவைக் கேட்கலாம். ஆனால் குழம்பில் மீன் சேர்த்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விசாரித்தாக வேண்டும். மீன் உண்பவர்களுக்குப் புளித்த சோளமாவை வாழையிலையில் கட்டி வேகவைத்த ஃபான்டே கென்கேயும் பொரித்த மீனும் மிளகாய்த் துவையலும் நல்ல மதிய உணவு.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. ஏப்ரல் முதல் ஜூலை வரை பெருமழைக் காலம். ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் அடிமை முறை ஒழிப்பை நினைவுகூரும் விடுதலை நாள் நிகழ்ச்சிகள் நடப்பதால் தங்குமிடத்தை முன்பே உறுதி செய்ய வேண்டும். விசா விதிகளைப் புது தில்லியிலுள்ள கானா தூதரகத்தில் சரிபார்ப்பதோடு, மலேரியாத் தடுப்பு மாத்திரைகளுக்கு மருத்துவரையும் பார்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அதற்கான மஞ்சள் அட்டை கானாவில் நுழைவதற்கு மட்டுமன்றி, இந்தியாவுக்குத் திரும்புவதற்கும் தேவை. அது இல்லாமல் வந்து இறங்குபவரை ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்த இங்குள்ள அதிகாரிகளுக்கு விதி இடம் தருகிறது. எனவே அட்டையைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாமல் கடவுச்சீட்டோடு சேர்த்துக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.