விஆர் ஹெட்செட் வெச்சு சேஃப்டி ட்ரெய்னிங்: சைட்ல இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

கண்ணுல மாட்டினா நிஜமாவே வேற ஒரு இடத்துல நிக்கிற மாதிரி காட்டுற விஆர் ஹெட்செட் வாங்கிட்டோம், எல்லாரையும் போட்டுப் பாக்க வெச்சு கையெழுத்தும் வாங்கிட்டோம், ட்ரெய்னிங் முடிஞ்சதுன்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு. சென்னைல ஓஎம்ஆர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் சைட்ல நான் சேஃப்டி பாக்குறேன், நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். கம்பி கட்டுற ஒரு ஒடிசா தம்பி ஹெட்செட் மாட்டிட்டு அதுக்குள்ள தெரியுற ஸ்லாப் ஓரத்துல நின்னு சேஃப்டி பெல்ட் கொக்கியை மாட்டினாரு, அதுல ஒரு பட்டனை அமுக்கினா போதும், பச்சை லைட் எரிஞ்சு பாஸ் ஆயிடும். மறுநாள் மேல போனா அதே தம்பி பெல்ட் போட்டு கொக்கியும் மாட்டியிருக்காரு, ஆனா மாட்டியிருந்தது கட்டுக்கம்பி சுத்தி சும்மா நிறுத்தி வெச்ச ஒரு குழாய்ல. கையால அசைச்சுப் பாத்தேன், ஆடுது. அவரை என்னன்னு திட்டுறது, மாட்டுன்னு சொன்னோமே தவிர எதுல மாட்டணும்னு காட்டவே இல்லையே.

ஒரு ஆள் விழுந்து பெல்ட் இழுத்துப் பிடிக்கிற அந்த நொடில வர்ற இழுவிசை அவர் எடையை விட பல மடங்கு. அமெரிக்காவுல ஓஷாங்கிற வேலையிடப் பாதுகாப்பு அமைப்போட விதில பொதுவா ஒரு ஆளுக்கு 5,000 பவுண்ட், அதாவது கிட்டத்தட்ட 2,270 கிலோ தாங்குற இடத்துலதான் கொக்கி மாட்டணும்னு வெச்சிருக்காங்க. கட்டுக்கம்பி எங்க, அது எங்க. அதனால இப்ப ஹெட்செட்டைக் கழட்டின கையோட நிஜ பெல்ட்டைக் குடுத்துடுறோம், தொடை வார் இறுக்கமா இருக்கா, முதுகு வளையம் ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல வருதா, இடம் மாறும்போது ஒரு கொக்கியைக் கழட்டுறதுக்கு முன்னாடி இன்னொண்ணு மாட்டியாச்சா, இதெல்லாம் கைதான் பழகணும், கண்ணு பாத்தா மட்டும் வராது.

அடுத்தது, தயவுசெஞ்சு யாரையும் வீடியோ எடுத்து சிரிக்காதீங்க. முதல் தடவை உயரத்துல நிக்கிற மாதிரி பாக்குறப்ப கால் நடுங்கத்தான் செய்யும், அந்த பயம் வரணும்னுதான காட்டுறோம். மேஸ்திரி முன்னாடி ஒரு தடவை அசிங்கப்பட்டவர் அதுக்கப்புறம் பயமா இருக்குன்னு வாயே திறக்க மாட்டாரு, சாரத்துல நிஜமாவே தலை சுத்தினாலும் சொல்ல மாட்டாரு.

தலைசுத்தல்னு சொன்னதும் இன்னொண்ணு. கண்ணு நடக்குறேங்குது, காதுக்குள்ள பேலன்ஸ் பாக்குற பகுதி நின்னுட்டுதான் இருக்கேங்குது, அந்தக் குழப்பத்துலதான் குமட்டல் வருது. புதுசா வர்றவங்களுக்கு அஞ்சு பத்து நிமிஷம் போதும், ஜாய்ஸ்டிக்ல நடக்க விடாதீங்க. வலிப்பு வந்திருக்கா, பேஸ்மேக்கர் வெச்சிருக்காங்களான்னு முன்னாடியே கேட்டுடுங்க. முடிஞ்ச உடனே உயரத்துக்கு அனுப்புறது பெரிய தப்பு, உக்கார வெச்சு தண்ணி குடுத்து தெளிஞ்சப்புறம் அனுப்புங்க.

ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டராவது காலி இடம் வேணும், பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். எங்க சைட்ல ஒருத்தர் உள்ள தெரிஞ்ச கைப்பிடில சாயப் போயிட்டாரு, நல்லவேளை தாங்கிப் பிடிச்சோம். வெயில்ல ஹெட்செட்டை மல்லாக்க வெக்காதீங்க, லென்ஸ் வழியா வெயில் குவிஞ்சு உள்ள இருக்கிற ஸ்கிரீன் பொசுங்கிடும். வியர்வைக்கு முகத்துல படுற பகுதியை ஒவ்வொரு ஆளுக்கும் துடைக்கணும், லென்ஸ்க்கு மட்டும் ஸ்பிரிட் ஆகாது, காஞ்ச மைக்ரோஃபைபர் துணி.

எனக்கு ரொம்ப வருத்தம் என்னன்னா மொழிதான். வேலை பாக்குறவங்க ஒடியா, பெங்காலி, இந்தி, தமிழ் பேசுறவங்க, உள்ள ஓடுறது இங்கிலீஷ், காட்டுற சைட்டும் நம்ம சைட் மாதிரியே இருக்காது. ஸ்கிரீன்ல வர்ற கேள்விக்கு பக்கத்துல இருக்கிறவர் சொல்ற பட்டனை அமுக்கிட்டுப் போனா அதுல என்ன இருக்கு. அவங்க பாஷைல பேசுற ஒரு ஆளை பக்கத்துல வெச்சு, முடிஞ்சதும், இதே மாதிரி இடம் நம்ம சைட்ல எங்க இருக்குன்னு கேளுங்க. போன மாசம் அப்படிக் கேட்டப்ப சித்தாள் வேலை பாக்குற ஒரு அக்கா நேரா ஆறாவது மாடிக்கு கூட்டிட்டுப் போயி ஒரு ப்ளைவுட்டைக் காட்டினாங்க, அடியில ஓட்டை, ஆணி ஒண்ணுகூட அடிக்கல, தினமும் அது மேல மணல் சட்டியோட நடந்திருக்காங்க. அன்னைக்கு சாயங்காலமே ஆணி அடிச்சு மேல சிவப்பு பெயின்ட்ல பெருக்கல் குறி போட்டோம்.