திருநர் நினைவேந்தல்: பெயர் வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் 20 நெருங்கினால் கல்லூரிகளிலும் அமைப்புகளிலும் புதிதாகச் சிலர், கொல்லப்பட்ட திருநரின் பெயர்களை வாசித்து நினைவுகூரும் திருநர் நினைவேந்தலை நடத்த முன்வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் முன்பு நடத்தியவர்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். நாற்காலி போதுமா, மைக் வேலை செய்கிறதா என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் அவற்றை விட்டுவிடலாம்.

பட்டியலை இறக்கி அப்படியே வாசிப்பது

ஒவ்வோர் ஆண்டும் கண்ணில் படுவதும், ஒவ்வோர் ஆண்டும் கோபம் வருவதும் இதற்குத்தான். உலகெங்கும் கொலையான திருநரின் பட்டியலை ட்ரான்ஸ் மர்டர் மானிட்டரிங் திட்டம் நவம்பர் நடுவில் வெளியிடும். முந்தைய ஆண்டு அக்டோபர் 1 முதல் அந்த ஆண்டு செப்டம்பர் 30 வரை என்பது கணக்கு. 2024 பட்டியலில் 350 பேர். அதை 19-ஆம் தேதி இரவு இறக்கி, அச்செடுத்து, மறுநாள் மாலை யார் கையிலோ கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள்.

இந்த நாள் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். 1998 நவம்பர் 28 அன்று பாஸ்டனின் ஆல்ஸ்டன் பகுதியில் ரீட்டா ஹெஸ்டர் என்ற கறுப்பினத் திருநங்கை தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். செய்தித்தாள்கள் அவரை ஆண் என்றே எழுதின. நண்பர்கள் கொதித்துப்போனார்கள். அதே வட்டாரத்தில் 1995 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்ட ஷனெல் பிக்கெட்டை மூன்றே ஆண்டுகளில் பலரும் மறந்திருந்ததைக் கண்ட திருநங்கைச் செயற்பாட்டாளர் க்வென்டலின் ஆன் ஸ்மித், இறந்தவர்களின் பெயர்களைத் திரட்ட ஆரம்பித்தார். 1999-இல் முதல் நினைவேந்தல் நடந்தது. பெயரைச் சிதைத்ததற்கு எதிராகவும் மறந்ததற்கு எதிராகவும் பிறந்த கூட்டத்தில் நாமே பெயரைச் சிதைக்கலாமா?

முதலில் உள்ளூர்ப் பெயர்கள். காவல்துறை அடையாள அட்டையைப் பார்த்து எழுதும், பத்திரிகை அதைப் பார்த்து எழுதும். இப்படித்தான் அவர் உதறிவிட்டு வந்த பெயர் பட்டியலுக்குள் நுழைகிறது. கூட வாழ்ந்த இரண்டு பேரிடமாவது கேளுங்கள்: ஜமாத்தில் (திருநங்கையர் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் சமூகக் குழுவில்) மூத்தவர் ஒருவர், ஒரே அறையில் இருந்த தோழி ஒருவர். பழைய பெயரை அடைப்புக்குறிக்குள்கூட வைக்காதீர்கள். தாளில் இருந்தால் பதற்றத்தில் வாய் அதையும் வாசித்துவிடும்.

அடுத்தது உச்சரிப்பு. பட்டியலில் பிரேசில், மெக்சிகோ பெயர்கள் நிறைய இருக்கும். ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர் மெக்சிகோவில் ‘ஹுவானா’, பிரேசிலில் ‘ஜுவானா’. பிரேசிலில் பெயரின் முதலில் வரும் ‘ர’ கிட்டத்தட்ட ‘ஹ’ ஆகிவிடும். ஆகவே நாட்டின் பெயர் உள்ள பத்தியைத் தூக்கிவிடாதீர்கள், உச்சரிப்புக்கு அதுதான் துப்பு. தமிழில் எழுதிக்கொள்ளும்போது ‘பிரெண்டா’வில் வருவது எந்தப் ‘ப’, P-யா B-யா என்று தெரியாது. பக்கத்தில் ஆங்கில எழுத்தும் இருக்கட்டும். இதைச் செய்யாவிட்டால் வாசிப்பவர் தடுமாறுவார், சிரித்துச் சமாளிப்பார், முன்வரிசையிலும் சிரிப்பு பரவும். அந்த வரிசையில் தோழியைப் பறிகொடுத்தவர் உட்கார்ந்திருப்பார்.

பெயர் தெரியாதவர்களை மொத்தமாகச் சேர்த்து ‘மேலும் பலர்’ என்று முடிப்பது இன்னும் மோசம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ‘பெயர் அறியப்படாதவர், பிரேசில்’ என்றே வாசிக்க வேண்டும். நேரம் ஆகும்தான். ஒரு பெயருக்கு 5 நொடி என்றால் 350 பெயருக்கு அரை மணி நேரம். 10 பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 35 பெயர். 18 புள்ளி எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, மூன்று நாள் முன்பே கையில் கொடுங்கள். ஒரு முறையாவது உரக்க வாசித்துப் பார்க்கட்டும். வாசிப்பவர்களில் திருநர் கட்டாயம் இருக்க வேண்டும். இடையில் ஒருவர் உடைந்து அழுதால் தொடர்ந்து வாசிக்க மாற்று ஆள் இருவர் தயாராக நிற்கட்டும்.

எப்படிக் கொல்லப்பட்டார் என்று வாசிப்பது

வேண்டவே வேண்டாம்.

பட்டியலில் இல்லாதவர்களை விட்டுவிடுவது

கொலை என்று பதிவாகி, திரட்டுவோரின் பார்வைக்கும் வந்தவை மட்டுமே அந்தப் பட்டியலில் சேரும். 2016 நவம்பரில் சென்னை பாண்டி பஜார் காவல் நிலையத்துக்கு வெளியே தீக்காயமடைந்து பின்னர் உயிரிழந்த தாராவின் மரணத்தைக் காவல்துறை தற்கொலை என்றது. திருநர் சமூகம் அதை ஏற்காமல் நியாயம் கேட்டுத் தெருவில் இறங்கியது. இப்படிப்பட்ட சாவுகளை எப்படிச் சொல்வது என்று கூட்டத்துக்கு முன்பே ஜமாத்தோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தனி வரிசையாக வாசிக்கலாம். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விவாதிக்கும் விஷயம் இல்லை இது.

மெழுகுவர்த்தி

நவம்பர் 20 தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம். கடற்கரையில் கையில் பிடித்த மெழுகுவர்த்தி பத்தாவது பெயருக்கே அணையும், அப்புறம் கூட்டம் முழுக்கத் தீப்பெட்டி தேடும். கூரையுள்ள இடமாகப் பாருங்கள். தாம்பாளத்தில் இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி அகல் விளக்குகளை வையுங்கள். திரி தடிமனாக இருக்கட்டும். பட்டுப்புடவையும் நைலான் துப்பட்டாவும் அணிந்து வருவார்கள், ஆகவே விளக்கு இடுப்பு உயர மேசையில் இருக்க வேண்டும், தரையில் வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்.

சிறப்பு விருந்தினர் உரை

பெயர் வாசிப்புக்குப் பிறகு, 5 நிமிடம்.

படம் எடுப்பது

வந்தவர்களில் சிலர் தாங்கள் திருநர் என்று வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். முகம் பதிவாகிச் சமூக ஊடகத்தில் வந்தால் அன்றிரவே வீட்டில் அடி விழும். வந்தவர்களைப் படம் எடுக்காதீர்கள் என்று நுழைவாயிலிலேயே பெரிதாக எழுதி வையுங்கள், பத்திரிகையாளர்களுக்கு மேடைப் பக்கம் மட்டும் திரும்பிய ஓர் இடத்தை ஒதுக்குங்கள். இறந்தவரின் படத்துக்கும் அனுமதி வேண்டும். பெற்ற குடும்பம் கொடுக்கும் படத்தில் அவர் சட்டை பேண்ட்டில், மீசையோடு இருக்கலாம். அதை வைக்கக் கூடாது. அவர் தன் கைபேசியில் வைத்திருந்த படம் எதுவென்று தோழிகளுக்குத் தெரியும், கேட்டு வாங்குங்கள்.

முடிந்ததும் அனுப்பிவிடுவது

காவல் நிலையத்தில் வாங்கிய அனுமதிக் கடிதத்தின் நகல் எல்லாரும் கலையும் வரை ஒருங்கிணைப்பாளர் கையில் இருக்க வேண்டும். இரவில் தனியாகப் பேருந்துக்கு நிற்கும் திருநங்கைக்கு என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. எட்டு மணிக்குள் முடியுங்கள், ஒரே திசையில் போகிறவர்களைச் சேர்த்து ஆட்டோ ஏற்றிவிடுங்கள், அதற்கான பணத்தைப் பூவும் பேனரும் வாங்குவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.