பேச்சுரிமை: நாமே விட்டுக்கொடுத்துவிடும் இடங்கள்

தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு மாலை இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்படவிருந்த குடும்பங்களுக்காக வள்ளுவர் கோட்டம் அருகே ஓர் ஆர்ப்பாட்டம் நடத்த மனு கொடுத்திருந்தார்கள்.

"அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், சார்."

"எழுத்தில் கொடுத்தார்களா?"

"இல்லை சார், வாயால்தான்."

மனுவின் நகலை வாங்கிப் பார்த்தேன். நான்காக மடித்து, வியர்வையில் நைந்துபோயிருந்தது. பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை, தேதிகூட இல்லை. ஆர்ப்பாட்டத்துக்கு இரண்டே நாள். அப்படியொரு மனுவே வரவில்லை என்று காவல்துறை சொன்னால், மறுத்துப் பேச அவர்கள் கையில் ஒன்றுமில்லை.

சென்னையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். வாயால் சொன்ன 'முடியாது' உத்தரவு ஆகாது. 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம், 41-ஆவது பிரிவு, கூட்டங்களையும் ஊர்வலங்களையும் முறைப்படுத்தும் அதிகாரத்தைக் காவல் ஆணையருக்குத் தருகிறது. குறைந்தது ஐந்து நாளுக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும் என்பது இங்கே நடைமுறை. முறைப்படுத்தலாம், நேரம் குறிக்கலாம், நிபந்தனை போடலாம். பொது இடங்களில் கூட்டமே கூடாது என்று அடியோடு மூட முடியாது என்று அகமதாபாத் வழக்கு ஒன்றில் 1972-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சமயம், இந்த இடத்தில்தான் நடத்துவேன் என்று பிடிவாதம் பிடிக்கவும் முடியாது. மெரினாவில் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்ட வழக்கு 2018-இல் அப்படித்தான் தோற்றது. ஆகவே மனுவிலேயே மாற்று இடம் ஒன்றையும் எழுதுங்கள். நகலில் முத்திரை கேளுங்கள். போடவில்லையென்றால் அன்றைக்கே ஆணையர் அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். அந்த ஒரு தாள் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுவிடலாம்.

அடுத்த தவறு, யாரோ ஒருவர் மனம் புண்பட்டுவிட்டது என்றாலே நாம் குற்றம் செய்துவிட்டதாக நடுங்குவது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசமைப்புச் சட்டத்தின் 19(2) பிரிவு எட்டுக் காரணங்களைத்தான் அடுக்குகிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். வருத்தம், சங்கடம், கோபம் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. மத உணர்வைப் புண்படுத்துவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவில் குற்றம்தான். ஆனால் அது வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

'பொது ஒழுங்கு' அந்தப் பட்டியலில் ஏறிய கதைக்கு நம் ஊரும் காரணம். பம்பாயிலிருந்து வந்த ஓர் இடதுசாரி வார இதழை மதராஸ் அரசு மாநிலத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மறு ஆண்டே முதல் திருத்தம் வந்து, அந்தச் சொற்களைச் சேர்த்தது. 'நியாயமான' என்ற அடைமொழியும் அப்போதுதான் கட்டுப்பாடுகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. வழக்கறிஞர்கள் இன்றைக்கும் அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறோம்.

கலவரம் வரும் என்று யாரோ மிரட்டினால் என்ன செய்வது? இட ஒதுக்கீட்டை விமர்சித்த தமிழ்ப் படம் ஒன்றின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக்கொடுத்தது. மிரட்டலுக்குப் பயந்து கருத்தை அடக்கக் கூடாது, பேசுபவருக்குப் பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை, முடியவில்லை என்று அரசு கையை விரிக்கக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. இந்த வரிகளை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் எழுதி மாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆனால் நடப்பது வேறு. அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு, எதிரே இருபது பேரை உட்காரவைத்து, நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்பார்கள். எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நேர்ந்தது அதுதான். தன் நாவலுக்காக வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்டார். தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான அமர்வு, அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்து, அவரை மீண்டும் எழுதச் சொன்னது. இடையில் போன ஒன்றரை ஆண்டை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. ஆகவே அழைத்தால் போங்கள், பேசுங்கள். ஆனால் வழக்கறிஞர் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இணையத்தில் மனம் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால், அது 2015 மார்ச் 24 அன்றே செல்லாது என்று அறிவிக்கப்பட்டுவிட்டது என்பதை நினைவூட்டுங்கள், போதும்.

நான் எழுதவில்லை, வந்ததைப் பகிர்ந்தேன் அவ்வளவுதான் என்ற பதிலை நம்பியிருப்பது இன்னொரு தவறு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த ஒரு நடிகர், அதை நீக்கி மன்னிப்பும் கேட்டிருந்தார். இருந்தும் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. படிக்காமல் பகிர்ந்தேன் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பேச்சுரிமையை மதிக்கிறவர்கள்தான் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அவதூறு பற்றிக் குழப்பம் அதிகம். உண்மையைத்தானே சொன்னேன் என்பது மட்டும் குற்றவியல் வழக்கில் போதாது. அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். அதனால் ஆவணம் கையில் இல்லாத எதையும் ஒருவர் பெயரோடு சேர்த்து எழுதாதீர்கள். 'இந்தத் திட்டம் ஏழைகளைக் கைவிட்டது' என்பது கருத்து. 'இவர் லஞ்சம் வாங்கினார்' என்பது நிரூபிக்க வேண்டிய செய்தி. மறுபக்கம், அவதூறுப் புகாரை வைத்துக் காவல்துறை நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, புகார் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அரசே இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்து நாளிதழ்கள்மீது தொடுத்த வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஜனநாயகத்தை நெரிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. பேச்சு தொடர்பான வேறு வழக்குகளில் மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை என்றால், எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வதற்கு முன் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நிலையத்துக்குக் கூப்பிட்டால் இதைப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம்.

அந்த இரண்டு இளைஞர்களும் தேதியைப் பத்து நாள் தள்ளிவைத்தார்கள். மனுவை மறுபடி எழுதினோம். மாற்று இடமாக எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்தின் அருகே என்று குறிப்பிட்டோம். இந்த முறை நகலில் ஊதா நிற முத்திரை விழுந்தது. நான்காம் நாள் எழுத்தில் அனுமதி வந்தது: காலை 10 மணி முதல் 12 மணி வரை, ஒலிபெருக்கி ஒன்றே ஒன்று. அன்றைக்கு மழை. ஏறக்குறைய நாற்பது பேர் வந்திருந்தார்கள். அனுமதிக் கடிதத்தை ஒரு பாலிதீன் உறையில் போட்டு, பேனருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி இரண்டு மணி நேரமும் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.