கீமோவுக்கு நடுவே ஃப்ளூ ஊசி: எப்போது, எந்தக் கையில், எப்படி?

தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கமெல்லாம் ஐப்பசி மழை பிடித்தால் வீட்டுக்கு ஒருவர் இருமுவார். தமிழ்நாட்டில் ஃப்ளூ காய்ச்சல் அதிகம் சுற்றுவது இந்த வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். ஊசி போட்டு எதிர்ப்பு சக்தி உருவாக சுமார் 2 வாரம் ஆகும். ஆகவே கீமோ (புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து) எடுப்பவர்கள் குறுவை அறுப்பு நடக்கும் புரட்டாசியிலேயே போட்டுக்கொள்வது நல்லது. தள்ளிப்போனால் மழைக்கு நடுவிலும் போடலாம், அதற்கும் பலன் உண்டு.

1. முதலில் ஃபைல், பிறகுதான் மருந்துக்கடை

புற்றுநோய் டாக்டரிடம் "ஃப்ளூ ஊசி போடலாமா சார்?" என்று மட்டும் கேட்டால் "போடலாம்" என்ற ஒரு வார்த்தையோடு வெளியே வந்துவிடுவோம். எந்தத் தேதியில், எந்தக் கையில், ரத்த கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு இருக்க வேண்டும் என்று மூன்றாகக் கேளுங்கள். பதிலை ஃபைலிலேயே எழுதி வாங்குங்கள். ஊசி போடப்போகிற சிஸ்டருக்கு உங்கள் கதை தெரியாது, அந்தச் சீட்டுதான் சொல்லும்.

2. நாள் குறிப்பது

கீமோ இன்னும் தொடங்கவில்லை என்றால் 2 வாரம் முன்பே போடுவது சிறப்பு. அதற்காகக் கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம்.

21 நாள் சைக்கிளில், அதாவது 21 நாளுக்கு ஒரு முறை கீமோ என்ற கணக்கில் இருப்பவர்களுக்கு, மருந்து ஏறி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் போட்டால் உடம்பு ஊசிக்குச் சரியாகப் பதில் சொல்லாது. அடுத்த சைக்கிளுக்கு முன் எப்படியும் ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள் இல்லையா, பலருக்கும் அந்தச் சமயம்தான் தோதாக அமையும். ரிப்போர்ட்டும் கையில் இருக்கும், பஸ் செலவும் மிச்சம்.

ரிட்டுக்ஸிமாப் (சில ரத்தப் புற்றுகளுக்குத் தரும் மருந்து) ஏற்றியவர்களுக்கு ஆறு மாதம் வரை ஊசி அவ்வளவாக வேலை செய்யாது. எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்களுக்கும் வழக்கமாக ஆறு மாதம் கழித்துத்தான். ரத்தப் புற்றுக்குக் கடும் கீமோ நடக்கும்போது டாக்டர் காத்திருக்கச் சொல்வார். கீமோ முடித்து ஹார்மோன் மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. வருஷா வருஷம் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் போன வருஷத்து ஊசி இந்த வருஷத்துக்கு உதவாது.

3. எந்த ஊசி

கையில் போடும் செயலிழந்த கிருமி ஊசிதான். இந்த ஊசியே ஃப்ளூவைக் கொண்டுவந்துவிடாது, அதில் உயிருள்ள கிருமியே கிடையாது. மூக்கில் தெளிக்கும் மருந்து வேண்டவே வேண்டாம், அது உயிருள்ள வகை. மூன்று வகைக் கிருமிக்கு, நான்கு வகைக்கு என்று இரண்டு விதமாக வரும்; இரண்டும் சரிதான். டப்பாவில் எந்தப் பருவத்துக்கு உரியது, காலாவதி தேதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. குளிர்ச்சி

இங்கேதான் நம் ஊரில் நிறைய கெட்டுப்போகிறது. ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். தஞ்சாவூரில் வாங்கி, கைப்பையில் போட்டு, திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் ஜன்னல் வெயிலில் கொண்டுபோனால் காசும் போச்சு, மருந்தும் போச்சு. சிலர் கெட்டுவிடக் கூடாதே என்று ஐஸ்கட்டிக்குள்ளேயே புதைத்துக் கொண்டுவருவார்கள். அதுவும் தப்பு, உறைந்துபோன மருந்தைத் தூக்கித்தான் போட வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் ஃப்ரீசரும் கூடாது, கதவுத் தட்டும் கூடாது. என் யோசனை: ஊசி போடும் இடத்திலேயே மருந்தும் இருக்கிறதா என்று முதல்நாள் போன் பண்ணிக் கேளுங்கள். கரண்டு போனால் என்ன செய்வார்கள் என்றும் கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

5. எந்தக் கை

மார்பகப் புற்றுக்காக அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையை விட்டுவிட்டு மறுகையைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் எடுத்திருந்தால் தொடையில் போடலாம். சிஸ்டர் பஞ்சை எடுக்கும்போதே "இந்தக் கை ஆபரேஷன் பக்கம், வேண்டாம்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைவாக இருந்தால் மெல்லிய ஊசி கேளுங்கள். குத்திய இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு கால்மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

6. வீட்டில் உள்ளவர்களும்

கீமோவில் இருப்பவருக்கு ஊசி முழுசாகப் பிடிக்காமல் போகலாம். அதனால் கூட இருக்கும் மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைகள் எல்லோரும் போட்டுக்கொள்ளட்டும். செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் கிருமி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அந்தப் பள்ளிக்கூடப் பையோடுதான்.

7. அன்று ராத்திரி

கை வலி, லேசான உடம்பு அசதி ஓரிரு நாளில் போய்விடும். காய்ச்சல் மட்டும் வேறு விஷயம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் "ஊசி போட்டதால்தான்" என்று பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். கவுண்ட் குறைந்த உடம்பில் அது ரத்தத்தில் கிருமி ஏறியதாகவும் இருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் கிளம்புங்கள். அவசரப் பிரிவில் ஊசியைப் பற்றி அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் சொல்ல வேண்டியது: "இவர் கீமோவில் இருக்கிறார், கடைசி சைக்கிள் இந்தத் தேதி."