ரெட்ரோ ஹாட் ராட் கட்ட எந்தப் பழைய காரை வாங்கலாம்?

பழைய காரின் எடையைக் குறைத்து, வேகமான எஞ்சினைப் பொருத்திக் கட்டும் வண்டிதான் ஹாட் ராட். அதைக் கட்டும் ஆசை வந்ததும் பலரும் முதலில் எஞ்சினைத்தான் தேடுகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். துரு தின்ற பாடியும் சரியில்லாத ஆவணமும்தான் வேலையைப் பாதியில் நிறுத்தும்.

படி 1: காலத்தை முடிவுசெய்யுங்கள்

1930களிலும் 40களிலும் தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளை வாங்கி, எடை குறைய மட்கார்டுகளையும் பானெட்டையும் கழற்றி, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். அந்தத் தோற்றம் வேண்டுமா, அல்லது 1955-இல் ஷெவர்லேயின் சிறிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் வந்த பிறகான தோற்றம் வேண்டுமா? இரண்டையும் கலந்தால் கார் எந்தக் காலத்திலும் ஒட்டாது.

படி 2: மாடல்

முதல் காருக்கு என் தேர்வு 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ. நாற்பது லட்சத்துக்கும் மேல் தயாரானதால் இன்றும் கிடைக்கிறது. உதிரிபாகங்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். அதற்கு முந்தைய மாடல் டி-யில் உட்கார இடம் மிகக் குறைவு.

எல்லோரும் கனவு காண்பது 1932 ஃபோர்டு. ஃபோர்டின் 221 கன அங்குல ஃப்ளாட்ஹெட் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே அமைந்த) வி8 அந்த ஆண்டுதான் வந்தது. பக்கவாட்டில் கோடு போட்டாற்போல் வரும் அதன் சேஸி, மட்கார்டு இல்லாமலே அழகு. ஆனால் அசல் எஃகு பாடிக்கு விலை மிக அதிகம். மாடல் ஏ பாடியை 1932 பாணிச் சேஸியில் உட்கார வைப்பது அந்தக் காலத்தில் ஹாட் ராட் கட்டியவர்களின் வழி, அதையே நீங்களும் செய்யலாம். திறந்த ரோட்ஸ்டரைவிட, மூடிய கூரையுள்ள சிறிய கூப் அல்லது இரண்டு கதவு டியூடர் கைக்கு அடக்கமான விலையில் வரும். நான்கு கதவு வண்டி இன்னும் மலிவு. குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் அதை ஒதுக்க வேண்டாம்.

படி 3: தகரத்துக்குள் மரம் இருக்கிறதா?

"அதே வயசு ஷெவர்லே பாதி விலைக்குக் கிடைக்குது" என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். 1930களின் நடுப்பகுதி வரை ஷெவர்லே பாடிகளில் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் இருந்தது. மரம் உளுத்துவிட்டால் கதவு தொங்கும், முழுச் சட்டத்தையும் புதிதாக இழைக்க வேண்டிவரும். ஃபோர்டுகளில் மரம் அதைவிட வெகு குறைவு.

படி 4: துருவைத் தேடுங்கள்

துணி சுற்றிய சிறு காந்தம், டார்ச், ஸ்க்ரூடிரைவர் மூன்றும் போதும். கதவுகளின் அடிப்பகுதி, முன்கதவுக்கு முன்னால் உள்ள பக்கத் தகட்டின் கீழ்முனை, தரைத்தகடு, பின்பக்கக் கீழ்மூலைகள் ஆகியவற்றில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தடிமனாகப் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். இந்த விஷயத்தில், புதிதாகப் பளபளக்கும் வண்டியைவிடப் பெயின்ட் உதிர்ந்த வண்டியே மேல். உள்ளது உள்ளபடி தெரியும்.

மாடல் ஏ-வில் பெட்ரோல் டேங்க் டேஷ்போர்டுக்கு முன்னால், பாடியின் ஒரு பகுதியாகவே இருக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கதவுகளைத் திறந்து மூடி, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவா என்று கவனியுங்கள். ஏற்கெனவே கூரையை வெட்டித் தாழ்த்தியிருந்தால் வெல்டிங்கை உள்பக்கமிருந்து பாருங்கள். மோசமான வெட்டைச் சரிசெய்வது, வெட்டாத கூரையை வெட்டுவதைவிடக் கடினம்.

படி 5: ஆவணம்

மாடல் ஏ-வின் எண் எஞ்சினிலும் சேஸியிலும் அடிக்கப்பட்டது. சேஸி எண் பாடிக்கு அடியில் மறைந்திருப்பதால், உரிமைப் பத்திரத்தில் பெரும்பாலும் எஞ்சின் எண்ணே இருக்கும். இத்தனை ஆண்டுகளில் எஞ்சின் மாறியிருந்தால் எண்கள் பொருந்தா. பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரமே இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.

படி 6: இப்போது எஞ்சினும் பிரேக்கும்

ஃப்ளாட்ஹெட்தான் வேண்டுமா? சரி. ஆனால் அதில் புகை வெளியேறும் பாதை எஞ்சின் பிளாக்கின் ஊடாகவே போவதால் சூடு அதிகம், விரிசல் சாதாரணம். விரிசல் சோதனை முடிந்த பிளாக்கை மட்டும் வாங்குங்கள்.

மாடல் ஏ-வின் பிரேக் இரும்புக் கம்பிகளால் இழுபடுவது, அது 40 குதிரைத்திறனுக்கு அமைந்தது. அதில் வி8 ஏற்றப்போகிறீர்கள் என்றால், 1939 முதல் 1948 வரையிலான ஃபோர்டுகளின் ஹைட்ராலிக் டிரம் பிரேக்கைப் பொருத்துவது காலத்துக்கும் பொருந்தும், நம்பியும் ஓட்டலாம். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு விலை பேச உட்காருங்கள்.