டெப்பச்சிக்கா: சொல்லிலும் கடையிலும் வழுக்கும் இடங்கள்

ஜப்பானின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் தரைக்குக் கீழே இருக்கும் உணவுத் தளத்தைப் பேச்சில் டெப்பச்சிக்கா என்பார்கள். 'டெப்பாட்டோ'வின் தலையை வெட்டி, நிலத்தடி எனப் பொருள்படும் 'ச்சிக்கா'வோடு ஒட்டிய சொல். சாப்பாட்டைக் குறிக்கும் எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை. 'ச்சிக்கா' ஏதோ தின்பண்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 'பா' என்று இழுக்கவும் வேண்டாம். சுருங்கும்போது அந்த நெடில் போய்விடும். கடைசி எழுத்தும் குறில்தான். ஆனால் 'டெப்பச்சிக்க' என்று எழுதினால் ஏதோ வினையெச்சம் மாதிரி இருக்கிறது, அதனால் அந்த ஒரு காலை மட்டும் விட்டுவைக்கிறேன்.

கொச்சை என்று தயங்கத் தேவையில்லை; பத்திரிகை, டிவி எல்லாவற்றிலும் புழங்கும் சொல். ஆனால் வழி கேட்கும்போது 'ஷொக்குஹின் உரிபா' என்றால் கச்சிதம்: உணவுப் பொருள் விற்குமிடம். அறிவிப்புப் பலகையில் பி1, பி2 என்று தேடுங்கள்.

பூமிக்கடியில் சாப்பாடு விற்கும் இடமெல்லாம் டெப்பச்சிக்கா ஆகிவிடாது. ஒசாக்காவின் உமெதாவில் ஹான்க்யூ, ஹான்ஷின் கடைகளின் அடித்தளம் டெப்பச்சிக்கா. வெளியே வந்ததும் கால் வைக்கிற நிலத்தடிக் கடைவீதிக்கு ச்சிக்காகை என்று பெயர்.

பர்ஸைக் கடிக்கும் தவறு விலைச்சீட்டில் இருக்கிறது. கண்ணாடிக்குள் உருளைக்கிழங்கு சாலட், முன்னால் 400 யென். ஒரு டப்பாவுக்கு என்று நினைத்துத் தலையாட்டுவோம். மூலையில் பொடி எழுத்தில் 100 கிராம் என்று இருக்கும். 250 கிராம் அள்ளிப் போட்டால் 1,000 யென், வரி சேராத விலையானால் இன்னும் 8% கூடி 1,080. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10%. 2019 அக்டோபர் முதல் அப்படித்தான்.

சாயங்காலத்துக்குமேல் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்குவார்கள். '2 வாரிபிக்கி' என்றால் 2 சதவீதம் இல்லை, 20. ஒரு 'வாரி' பத்தில் ஒரு பங்கு. 'ஹங்காக்கு' பாதி விலை. பாதி விலைக்காகக் கடைசி நிமிஷம்வரை காத்திருந்தால் நல்லதெல்லாம் போய், யாரும் தொடாத பொரியல் வகைதான் மிஞ்சும்.

வாங்கியதைப் பிரித்து நடந்துகொண்டே தின்னாதீர்கள். யாரும் திட்டமாட்டார்கள், முகம் மட்டும் மாறும். டோக்கியோவின் ஷின்ஜுக்குவில் இசெத்தான் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மொட்டைமாடியில் தோட்டமே இருக்கிறது, அங்கே போகலாம்.

சைவர்கள் 'வெறும் கீரைதானே' என்று ஏமாற வேண்டாம். அதை ஊறவைக்கும் சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுத்தது. நம் மாசிக் கருவாட்டுக்கு அது நெருங்கிய சொந்தம், இரண்டுமே சூரை மீன்.

கேக் கடைக்காரம்மா எவ்வளவு நேரம் கையில் வைத்திருப்பீர்கள் என்று கேட்பார். வம்பளக்கிறார் என்று நினைத்து 'பத்து நிமிஷம்' என்று சொல்லி வைக்காதீர்கள். பெட்டிக்குள் எத்தனை ஐஸ் பை வைப்பது என்பதற்குத்தான் அந்தக் கேள்வி.